டோப்பாலஜிக்கல் காப்பான்களும் அவற்றின் காந்த வடிவங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடத்தி, குறைகடத்தி, காப்பான் என்று பொருள்களை மூன்று கட்டங்களில் அடைத்துத்தான் பள்ளியில் படித்தோம். இந்த மூன்றிலும் சேராத ஒரு வகை 2005க்குப் பிறகு முதலில் காகிதக் கணக்கிலும், சில ஆண்டுகளில் ஆய்வகத்திலும் வந்து நின்றது. அதில் காந்தத்தைச் சேர்த்தபோது இன்னும் வியப்பான ஒன்று கிடைத்தது. கல்லூரி அளவில் இயற்பியல் படித்தவர்களையும் படிப்பவர்களையும் மனத்தில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. சமன்பாடுகள் இல்லை; ஆனால் காரணங்களைத் தாண்டிப் போகவில்லை.

டோப்பாலஜிக்கல் காப்பான் என்றால் என்ன?

உட்பகுதி மின்சாரத்தைக் கடத்தாது. மேற்பரப்பு கட்டாயம் கடத்தும். இருபரிமாணத் தகடாக இருந்தால் மேற்பரப்புக்குப் பதில் விளிம்பு கடத்தும். "கட்டாயம்" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. உட்பகுதியில் உள்ள எலக்ட்ரான்களின் அலைச்சார்புகள் அமைந்திருக்கும் விதமே மேற்பரப்பு கடத்துவதை விதிக்கிறது.

காப்பான் மேல் மெல்லிய உலோகப் படலம் பூசினாலும் இதே நிலைதானே?

இல்லை. பூசிய படலத்தைச் சுரண்டிவிட்டால் கடத்தல் போய்விடும். டோப்பாலஜிக்கல் காப்பானை இரண்டாகப் பிளந்தால், பிளந்த புது முகமும் கடத்தும்.

இன்னொரு வித்தியாசம் ஆழமானது. சாதாரண உலோகப் படலத்தில் எந்தத் திசையில் போகும் எலக்ட்ரானுக்கும் இரண்டு ஸ்பின் நிலைகள் உண்டு. இங்கே திசைக்கு ஒரு ஸ்பின் மட்டுமே. வலப்பக்கம் போகும் எலக்ட்ரானின் ஸ்பின் ஒரு பக்கம் பார்த்தால், இடப்பக்கம் போவதன் ஸ்பின் நேர்எதிர்ப் பக்கம் பார்க்கும். ஒரு சாதாரண உலோகப் படலத்தின் சரிபாதி என்று இதைச் சொல்லலாம். இப்படிப் பாதியாக ஒரு தகட்டைத் தனியே யாராலும் செய்ய முடியாது. மீதிப் பாதி, படிகத்தின் எதிர் முகத்தில் இருக்கிறது.

மேற்பரப்பு ஏன் கடத்தியே ஆக வேண்டும்?

காப்பானில் எலக்ட்ரான்கள் நிரம்பிய இணைதிறன் பட்டையும், காலியான கடத்துப் பட்டையும் ஓர் ஆற்றல் இடைவெளியால் பிரிந்திருக்கின்றன. பிஸ்மத் செலினைடை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டைகளின் விளிம்பில் பிஸ்மத்தின் பி-ஆர்பிட்டல்கள் மேலேயும் செலினியத்தின் பி-ஆர்பிட்டல்கள் கீழேயும் இருப்பதுதான் இயல்பான வரிசை. பிஸ்மத் கனமான அணு. அதன் அணுக்கரு அருகே எலக்ட்ரான்கள் மிக வேகமாக ஓடுகின்றன. அதனால் ஸ்பினுக்கும் சுற்றுப்பாதை இயக்கத்துக்கும் இடையிலான இணைப்பு மிகவும் வலுப்பெற்று, உந்தம் சுழியாகும் புள்ளியில் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறது. பட்டைத் தலைகீழாக்கம் என்பது இதுதான்.

வெளியே இருப்பது காற்று அல்லது வெற்றிடம். அங்கே வரிசை தலைகீழாகவில்லை. தலைகீழான வரிசையிலிருந்து நேரான வரிசைக்குப் போக வேண்டுமென்றால் நடுவில் எங்கோ இரண்டு பட்டைகளும் ஒன்றையொன்று தொட்டாக வேண்டும். தொடும் இடத்தில் ஆற்றல் இடைவெளி இல்லை. இடைவெளி இல்லையென்றால் அது கடத்தும். அந்த இடம்தான் மேற்பரப்பு.

எத்தனை முறை தலைகீழாகியிருக்கிறது என்பதன் ஒற்றை, இரட்டைத் தன்மைதான் முடிவு செய்கிறது. ஒரு ரிப்பனின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கும்போது ஓர் அரைத்திருகு கொடுத்தால் அதற்கு ஒரே பக்கம். இரண்டு அரைத்திருகு கொடுத்தால் மறுபடி இரண்டு பக்கம். ரிப்பனைக் கசக்கினாலும் இழுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இப்படி மாறாத பண்புகளைப் படிக்கும் கணிதம்தான் டோப்பாலஜி. வெட்டி ஒட்டினால்தான் மாறும். இங்கே வெட்டுவது என்றால் ஆற்றல் இடைவெளியை மூடித் திறப்பது. சிறு மாசு, சிறு வளைவு, சிறு வெப்பம் எதுவும் அதைச் செய்வதில்லை.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

1980ல் பிரான்சின் கிரெனோபிள் உயர்காந்தப்புல ஆய்வகத்தில் கிளாஸ் ஃபான் கிளிட்சிங் ஒரு சிலிக்கான் டிரான்சிஸ்டரைக் கடுங்குளிரிலும் வலிய காந்தப்புலத்திலும் வைத்து ஹால் மின்தடையை (மின்னோட்டத்துக்குக் குறுக்கே எழும் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்த மதிப்பை) அளந்தார். அது படிப்படியாக ஏறியது. ஒவ்வொரு படியின் உயரமும் 25,812.807 ஓம் என்ற எண்ணை ஒரு முழு எண்ணால் வகுத்தது. பிளாங்க் மாறிலியை எலக்ட்ரான் மின்னூட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது இந்த எண். மாதிரியின் வடிவமோ அதிலுள்ள அழுக்கோ இதைத் தொடவில்லை. 1985ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஏன் இத்தனை துல்லியம்? 1982ல் தௌலஸ், கோமோட்டோ, நைட்டிங்கேல், டென் நீஸ் நால்வரும் பதில் தந்தார்கள். ஹால் கடத்துதிறனில் வரும் முழு எண், நிரம்பிய பட்டைகளின் அலைச்சார்புகள் உந்த வெளியில் எத்தனை முறை முறுக்கிக்கொள்கின்றன என்பதன் எண்ணிக்கை. கணிதத்தில் அதற்குச் செர்ன் எண் என்று பெயர். எண்ணிக்கையில் அரைகுறைக்கு இடமில்லை. அதனால்தான் அந்தத் துல்லியம்.

1988ல் டங்கன் ஹால்டேன் இன்னும் துணிவான ஒன்றைச் சொன்னார். வெளிக் காந்தப்புலமே வேண்டாம். தேன்கூட்டு வடிவ அணிக்கோவையில் காலத் திருப்புச் சமச்சீர்மையை (நேரத்தைப் பின்னோக்கி ஓட்டினாலும் நிலை மாறாத தன்மையை) வேறு வழியில் உடைத்தாலே குவாண்டம் ஹால் விளைவு வரும் என்று ஒரு மாதிரியைக் கட்டிக் காட்டினார். அதற்கேற்ற பொருள் அப்போது எதுவும் கையில் இல்லை. தௌலஸ், ஹால்டேன், காஸ்டர்லிட்ஸ் மூவருக்கும் 2016ல் நோபல் பரிசு வந்தது.

2005ல் சார்லஸ் கேனும் யூஜீன் மெலேயும் ஹால்டேன் மாதிரியின் இரண்டு பிரதிகளை, ஸ்பின்னுக்கு ஒன்றாக, எதிரெதிர்த் திசையில் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டின் ஹால் விளைவும் ஒன்றையொன்று அடித்துவிடுகிறது. ஆனால் விளிம்பில் எதிரெதிராக ஓடும் இரு ஸ்பின் தடங்கள் மிஞ்சுகின்றன. அவர்கள் கிராஃபீனில் இது நடக்கும் என்றார்கள். ஆனால் கார்பன் இலேசான அணு என்பதால் அதில் ஸ்பின்–சுற்றுப்பாதை இணைப்பு மிக மிகச் சிறியது. 2006ல் பெர்னெவிக், ஹ்யூஸ், ஷௌசெங் ஜாங் மூவரும் கனமான பாதரசத்துக்குப் போனார்கள். பாதரச டெல்லுரைடு அடுக்கின் தடிமன் ஏறத்தாழ 6.3 நானோமீட்டரைத் தாண்டினால் பட்டைகள் தலைகீழாகும் என்று கணித்தார்கள். மறு ஆண்டே ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் லாரன்ஸ் மோலென்காம்ப் குழு அதை அளந்து காட்டியது. கணிப்புக்கும் சோதனைக்கும் இடையில் ஓராண்டு என்பது திண்மப் பொருள் இயற்பியலில் அரிதான வேகம்.

எந்தெந்தப் பொருள்கள் இந்த வகை?

முப்பரிமாணத்தில் முதலில் உறுதியானது பிஸ்மத்–ஆன்டிமனி உலோகக்கலவை. லியாங் ஃபூவும் கேனும் கணித்ததை 2008ல் பிரின்ஸ்டனில் ஜாகித் ஹசன் குழு கண்டறிந்தது. 2009ல் பிஸ்மத் செலினைடு, பிஸ்மத் டெல்லுரைடு, ஆன்டிமனி டெல்லுரைடு என்ற குடும்பம் வந்தது. இன்றுவரை இந்தத் துறையின் அன்றாடப் பொருள்கள் இவைதாம். பிஸ்மத் செலினைடின் ஆற்றல் இடைவெளி சுமார் 0.3 எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் 0.025 எலக்ட்ரான் வோல்ட்தான் என்பதால் டோப்பாலஜித் தன்மை அறை வெப்பநிலையிலும் நிலைக்கிறது.

பிஸ்மத் டெல்லுரைடு நமக்குப் புதிதல்ல. சிறிய பெல்டியர் குளிர்விப்பான்களில் பல பத்தாண்டுகளாக அதைத்தான் பயன்படுத்தி வருகிறார்கள். கனமான அணுக்களும் சிறிய ஆற்றல் இடைவெளியும் நல்ல வெப்பமின் பொருளுக்கும் தேவை, பட்டைத் தலைகீழாக்கத்துக்கும் தேவை. அந்தக் கறுப்புத் துண்டின் மேற்பரப்பு இத்தனை காலம் யாராலும் கவனிக்கப்படாமல் இருந்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

மேற்பரப்பு நிலைகள் இருப்பது எப்படித் தெரியும்?

புற ஊதா ஒளியைப் படிகத்தின் மேல் பாய்ச்சி, வெளியே தெறிக்கும் எலக்ட்ரான்களின் ஆற்றலையும் கோணத்தையும் அளக்கிறார்கள். ஒளிமின் விளைவுதான், ஆனால் கோணத்தோடு சேர்த்து அளப்பதால், படிகத்துக்குள் அந்த எலக்ட்ரானுக்கு எந்த உந்தத்தில் எந்த ஆற்றல் இருந்தது என்பது படமாகவே கிடைக்கிறது. பிஸ்மத் செலினைடில் அந்தப் படம் இரு நேர்கோடுகள் எக்ஸ் வடிவில் வெட்டிக்கொள்வதாகத் தெரியும். முப்பரிமாணத்தில் அது ஒரு கூம்பு. டிராக் கூம்பு என்று பெயர். ஸ்பின்னையும் பிரித்து அளந்தபோது, கூம்பைச் சுற்றி ஸ்பின்னும் சுற்றி வருவது உறுதியானது.

அப்படியானால் மேற்பரப்பில் மின்தடையே இல்லையா? இது மீக்கடத்தியா?

மீக்கடத்தி அல்ல. இந்தக் குழப்பம் பரவலாக இருக்கிறது. அதனால் நிதானமாகப் பிரித்துச் சொல்கிறேன்.

காந்தம் இல்லாத டோப்பாலஜிக்கல் காப்பானில் எலக்ட்ரான் நேர்எதிராகத் திரும்புவது மட்டுமே தடைப்படுகிறது. திரும்ப வேண்டுமென்றால் ஸ்பின்னும் கவிழ வேண்டும். ஸ்பின் இடப்பக்கமாகச் சுற்றிக் கவிழும் வழிக்கும் வலப்பக்கமாகச் சுற்றிக் கவிழும் வழிக்கும் இடையே ஒரு முழுச் சுற்று வித்தியாசம். எலக்ட்ரானின் அலைச்சார்பு முழுச் சுற்றுக்குக் குறி மாறும் இயல்புடையது. எனவே இரண்டு வழிகளும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. மேற்பரப்பில் 30 பாகை, 90 பாகை என்று மற்றத் திசைகளில் சிதறுவதை யாரும் தடுக்கவில்லை. ஆகவே மேற்பரப்புக்கு மின்தடை உண்டு.

இருபரிமாணத் தகட்டின் விளிம்பில் முன்னும் பின்னும் தவிர வேறு திசை கிடையாது. அங்கே தடை முழுமையாக இருக்க வேண்டும். இருந்தும் பாதரச டெல்லுரைடில் ஒரு மைக்ரோமீட்டர் அளவுள்ள மாதிரிகளில்தான் கடத்துதிறனுக்கு எதிர்பார்த்த குவாண்டம் மதிப்பு வந்தது. நீளம் கூடினால் குலைந்தது. ஒற்றை அடுக்கு டங்ஸ்டன் டெல்லுரைடில் 2018ல் 100 கெல்வின் வரை இந்த விளைவு தெரிந்தது. அங்கேயும் தடத்தின் நீளம் 100 நானோமீட்டர்தான்.

உட்பகுதி உண்மையிலேயே காப்பானாக இருக்கிறதா?

நேர்மையான பதில்: பெரும்பாலான படிகங்களில் இல்லை. இந்தத் துறையின் மெய்யான போராட்டம் இதுதான் என்பது என் கருத்து. கட்டுரைகளின் தலைப்புகளில் இது தெரிவதில்லை.

பிஸ்மத் செலினைடை வளர்க்கும்போது செலினியம் எளிதில் ஆவியாகித் தப்பிவிடும். காலியான ஒவ்வொரு செலினிய இடமும் படிகத்துக்கு எலக்ட்ரான்களைத் தானம் செய்கிறது. அவை கடத்துப் பட்டையை நிரப்ப, காப்பான் என்று பெயர் வைத்த பொருள் உள்ளே உலோகம்போல் கடத்துகிறது. மேற்பரப்புச் செய்தி அந்தக் கூச்சலில் அமுங்கிவிடும். பிஸ்மத் டெல்லுரைடிலும் ஆன்டிமனி டெல்லுரைடிலும் வேறு வகைக் குறைகள். அணுக்கள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று போய் உட்கார்ந்து துளைகளைத் தருகின்றன.

தீர்வு கலப்பில் கிடைத்தது. எலக்ட்ரான் தரும் குறையையும் துளை தரும் குறையையும் ஒன்றோடொன்று சமன்செய்யும் விகிதத்தைத் தேடினார்கள். ஜப்பானில் யோய்ச்சி ஆண்டோ குழு பிஸ்மத், ஆன்டிமனி, டெல்லூரியம், செலினியம் நான்கையும் கலந்து உட்பகுதி நன்றாகக் காக்கும் படிகங்களைத் தந்தது. படிகத்துக்குப் பதில் சில நானோமீட்டர் மென்படலமாக வளர்த்து, மின்புலத்தால் எலக்ட்ரான் எண்ணிக்கையைத் திருத்துவது இன்னொரு வழி. கீழே வரும் தொடக்கக் காலக் காந்தச் சோதனைகள் இந்த இரண்டாம் வழியில் நடந்தவை.

காந்தத்தைச் சேர்த்தால் என்ன ஆகும்?

மேற்பரப்பைக் காத்து நிற்பது காலத் திருப்புச் சமச்சீர்மை. நேரத்தைப் பின்னோக்கி ஓட்டினால் எலக்ட்ரானின் உந்தமும் கவிழும், ஸ்பின்னும் கவிழும். இந்தச் சமச்சீர்மை இருக்கும்வரை எலக்ட்ரான் நிலைகள் இணையாகவே வரும் என்று 1930ல் கிராமர்ஸ் காட்டினார். டிராக் கூம்பின் நுனியில் சந்திக்கும் இரண்டு நிலைகளும் அப்படியோர் இணை. காந்தமில்லாத எந்த மாசும் அவற்றைப் பிரிக்காது.

காந்தம் காலத்தின் திசையை அறியும். மேற்பரப்புக்குச் செங்குத்தாகக் காந்தமாக்கினால் அந்த இணை பிரிகிறது. கூம்பின் நுனியில் ஓர் இடைவெளி திறக்கிறது. மேற்பரப்பும் காப்பானாகிவிடுகிறது. காவலை எடுத்துவிட்டோம், கதை முடிந்தது என்றுதான் தோன்றும்.

முடியவில்லை. இடைவெளி திறந்த அந்த மேற்பரப்புக்கு ஹால் கடத்துதிறன் வந்துவிடுகிறது. அதுவும் குவாண்டம் அலகில் சரியாகப் பாதி. மெல்லிய படலத்தின் மேல்முகமும் கீழ்முகமும் ஒரே திசையில் காந்தமானால் பாதியும் பாதியும் சேர்ந்து ஒன்று. செர்ன் எண் ஒன்று என்றால் படலத்தின் பக்கவாட்டு விளிம்பில் ஒரே ஒரு தடம், ஒரே திசையில் ஓடும். திரும்பி வர வழியே இல்லாத தடம். முன்பு எலக்ட்ரான் திரும்பாமல் இருக்க ஒரு சமச்சீர்மையின் தயவு தேவைப்பட்டது. இப்போது அந்தத் தயவும் வேண்டாம். காவலை நீக்கிய பிறகு கிடைத்த பாதுகாப்பு முன்னதைவிட வலுவானது.

இதற்குக் குவாண்டம் அசாதாரண ஹால் விளைவு என்று பெயர். எட்வின் ஹால் 1879ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சாதாரண ஹால் விளைவைக் கண்டார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில், இரும்பு போன்ற காந்தப் பொருள்களில் அது மிகப் பெரிதாக வருவதையும் அவரே கண்டார். அந்த இரண்டாவது கண்டுபிடிப்பின் குவாண்டம் வடிவம் இது.

அது எப்போது, எங்கே அளக்கப்பட்டது?

2010ல் கணிப்பு வந்தது: பிஸ்மத் டெல்லுரைடு குடும்பத்தில் குரோமியம் அல்லது இரும்பைச் சேர்த்தால் போதும் என்று. 2013ல் பெய்ஜிங்கின் சிங்குவா பல்கலைக்கழகத்தில் ஷ்வே சிகுன் தலைமையிலான குழு அளந்தது. குரோமியம் கலந்த பிஸ்மத்–ஆன்டிமனி டெல்லுரைடு; ஐந்து அடுக்குத் தொகுதிகள், அதாவது 5 நானோமீட்டர் அளவே தடிமன்; வெப்பநிலை 30 மில்லிகெல்வின். வெளிக் காந்தப்புலம் இல்லாமலே ஹால் மின்தடை 25.8 கிலோ ஓமில் நின்றது. ஹால்டேன் 1988ல் காகிதத்தில் எழுதியது கால் நூற்றாண்டு கழித்துப் பொருளாகக் கையில் வந்தது.

அந்த முதல் மாதிரியில் விளிம்பு நெடுகிலும் உள்ள மின்தடை முழுமையாக மறையவில்லை. குவாண்டம் அலகில் பத்தில் ஒரு பங்கு இருந்தது. அதைப் போக்க வலிய காந்தப்புலம் தேவைப்பட்டது. 2015ல் எம்.ஐ.டி.யில் குரோமியத்துக்குப் பதில் வெனேடியம் சேர்த்த படலத்தில் அந்த மிச்சம் சில ஓம்களாக இறங்கியது. அப்போதும் வெப்பநிலை 25 மில்லிகெல்வின்தான்.

காந்தம் 15 கெல்வினிலேயே வந்துவிடுகிறது. பிறகு ஏன் 30 மில்லிகெல்வின் வரை குளிர்விக்க வேண்டும்?

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரிந்தால் இத்துறையின் பாதி தெரிந்ததுபோல.

குரோமிய அணுக்கள் படலத்தில் கண்டபடி சிதறிக் கிடக்கின்றன. அவை நெருங்கியிருக்கும் இடத்தில் காந்தத்தால் திறந்த இடைவெளி பெரிது; விலகியிருக்கும் இடத்தில் சிறிது. ஊடுருவல் நுண்ணோக்கியால் (கூர்முனையால் மேற்பரப்பைத் தடவிப் பார்க்கும் STM கருவி) மேற்பரப்பை நகர்ந்து நகர்ந்து பார்த்தபோது இடைவெளியின் அளவு நானோமீட்டர்களுக்குள்ளேயே ஏறி இறங்குவது தெரிந்தது. சராசரி இடைவெளி போதுமானதாக இருந்தும் பயனில்லை. மிகச் சிறிய இடைவெளியுள்ள பகுதிகள் வழியாக வெப்பத்தால் எலக்ட்ரான்கள் கசியும். அந்தக் கசிவு நிற்க வேண்டுமானால் குளிரைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஆக, வெப்பநிலையை முடிவு செய்வது காந்தத்தின் வலிமை அல்ல, அதன் ஒழுங்கின்மை.

இதை உணர்ந்துதான் டோக்கியோவில் டோகுரா குழு குரோமியத்தைப் படலம் முழுக்கத் தூவாமல், மேற்பரப்புகளுக்கு அருகே மெல்லிய அடுக்குகளாக மட்டும் வைத்தது. 2015ல் அப்படி வெப்பநிலையை 2 கெல்வின் வரை உயர்த்த முடிந்தது.

மாங்கனீசு பிஸ்மத் டெல்லுரைடு பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

அதில் காந்த அணுக்கள் தூவப்பட்டவை அல்ல. படிகத்தின் சொந்த உறுப்பினர்கள். ஏழு அணு அடுக்குகள் கொண்ட தொகுதி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தொகுதியின் நடுவிலும் மாங்கனீசு வரிசையாக அமர்ந்திருக்கிறது. தொகுதிக்குள் எல்லா மாங்கனீசும் ஒரே திசை பார்க்கும். அடுத்த தொகுதி எதிர்த் திசை பார்க்கும். எதிர்ஃபெர்ரோ காந்தம். ஏறத்தாழ 25 கெல்வினுக்குக் கீழே இந்த ஒழுங்கு வருகிறது. 2019ல் கணிப்பும் படிகமும் சேர்ந்தே வெளிவந்தன.

தொகுதிகளை ஒட்டுநாடாவால் உரித்து எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தலாம். ஒற்றைப்படையில் உரித்தால் மேல்முகமும் கீழ்முகமும் ஒரே திசைக் காந்தம். 2020ல் ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழகக் குழு ஐந்து தொகுதித் துண்டில், காந்தப்புலம் இல்லாமல், 1.4 கெல்வினில் குவாண்டம் அசாதாரண ஹால் விளைவை அளந்தது. வெளிக் காந்தப்புலத்தால் எல்லாத் தொகுதிகளையும் ஒரே திசைக்குத் திருப்பியபோது 6.5 கெல்வின் வரை அது நிலைத்தது.

ஒழுங்கின்மைக்கு முடிவு கட்டியாயிற்று என்று கொண்டாடத் தோன்றும். ஆனால் மாங்கனீசும் பிஸ்மத்தும் தங்களுக்குள் இடம் மாற்றிக்கொள்ளும். இந்தப் படிகம் 600 செல்சியஸை ஒட்டிய மிகக் குறுகிய வெப்பநிலை வரம்பில்தான் வளரும். சற்று விலகினால் பிஸ்மத் டெல்லுரைடும் வேறு சேர்மங்களுமாகப் பிரிந்துவிடும். அதனால் ஓர் ஆய்வகத்தின் படிகம் இன்னோர் ஆய்வகத்தின் படிகம்போல் நடந்துகொள்வதில்லை. மேற்பரப்பில் இடைவெளி பெரிதாகத் தெரிகிறது என்று சிலர் அளந்தார்கள்; ஏறத்தாழ இடைவெளியே இல்லை என்று வேறு சிலர் அளந்தார்கள். இரு தரப்பும் கவனமாகச் செய்த சோதனைகள். படிகத்தை மேம்படுத்தாமல் இந்த வழக்கு தீராது.

ஆக்சியான் காப்பான் என்பது என்ன?

மேல்முகமும் கீழ்முகமும் எதிரெதிர்த் திசையில் காந்தமானால் பாதியிலிருந்து பாதி கழிந்து ஹால் விளைவு சுழியாகிறது. விளிம்புத் தடமும் இல்லை. மாங்கனீசு பிஸ்மத் டெல்லுரைடில் இரட்டைப்படைத் தொகுதிகள் உரித்தால் இந்த நிலை வரும். ஆறு தொகுதித் துண்டில் 2020ல் இதற்கான அறிகுறிகள் வெளியாயின.

வெறும் காப்பானுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இதன் உட்பகுதியில் மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. மின்புலம் கொடுத்தால் காந்தமாக்கம் வரும். காந்தப்புலம் கொடுத்தால் மின்முனைவாக்கம் வரும். இரண்டின் அளவும் இயற்கை மாறிலிகளால் மட்டும் தீர்மானிக்கப்பட்டது. துகள் இயற்பியலில் ஆக்சியான் என்ற கற்பிதத் துகளுக்கு எழுதும் சமன்பாட்டில் இதே உறுப்பு வருகிறது. பெயர் அங்கிருந்து வந்தது. ஃபிராங்க் வில்செக் அந்தத் துகளுக்கு ஒரு சலவைத்தூளின் பெயரை வைத்தார் என்பது கூடுதல் தகவல். 2016ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பிஸ்மத் செலினைடு படலத்தின் வழியே டெராஹெர்ட்ஸ் ஒளியை அனுப்பி, அதன் முனைவுத்தளம் சுழலும் கோணம் 1/137 என்ற நுண்கட்டமைப்பு மாறிலியின் அலகில் படிப்படியாக ஏறுவதை அளந்தார்கள்.

காந்த அணுக்களே இல்லாமல் இந்த விளைவு வருமா?

வரும். இரண்டு கிராஃபீன் தாள்களைச் சிறு கோணத்தில் திருகி அடுக்கினால் எலக்ட்ரான்களின் சுற்றுப்பாதை இயக்கமே காந்தமாகிறது. 2020ல் சான்டா பார்பராவில் 1.6 கெல்வினில் குவாண்டம் அசாதாரண ஹால் விளைவு அளக்கப்பட்டது. 2023ல் திருகிய மாலிப்டினம் டெல்லுரைடில், முழு எண்ணுக்குப் பதில் பின்னம் வரும் வடிவமே காந்தப்புலம் இல்லாமல் கிடைத்தது. இப்போது ஆர்வம் பெரும்பாலும் அந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது.

வைல் அரை உலோகங்களும் இந்தக் குடும்பமா?

உறவுக்காரர்கள். அவற்றில் உட்பகுதியிலேயே பட்டைகள் சில புள்ளிகளில் தொட்டுக்கொள்ளும். 2015ல் டான்டலம் ஆர்சினைடில் முதலில் உறுதியானது. கோபால்ட், வெள்ளீயம், கந்தகம் சேர்ந்த ஒரு சேர்மம் 177 கெல்வின்வரை ஃபெர்ரோ காந்தமாகவும் வைல் அரை உலோகமாகவும் இருக்கிறது.

குவாண்டம் கணினிக்கு இவை உதவும் என்கிறார்களே?

டோப்பாலஜிக்கல் காப்பானின் மேற்பரப்பில் மீக்கடத்தியை ஒட்டினால் மயோரானா நிலைகள் (தனக்குத் தானே எதிர்த்துகளான ஒரு துகளைப்போல் நடப்பவை) வரும் என்று 2008ல் ஃபூவும் கேனும் கணித்தார்கள். அவற்றில் தகவலைச் சேமித்தால் புறக் குறுக்கீடுகளால் எளிதில் அழியாது என்பது எதிர்பார்ப்பு. கணிப்பு வலுவானது, சோதனைச் சான்று அப்படியல்ல. காந்த டோப்பாலஜிக்கல் படலத்தையும் மீக்கடத்தியையும் சேர்த்து மயோரானாவைக் கண்டதாக 2017ல் வந்த ஒரு கட்டுரை 2022ல் திரும்பப் பெறப்பட்டது. தலைப்புச் செய்திகளை நம்பி இந்த விஷயத்தில் முடிவுக்கு வர வேண்டாம்.

நடைமுறைப் பயன் என்ன?

மிக அருகில் இருப்பது மின்தடைத் தரம். 2019 மே மாதம் முதல் பிளாங்க் மாறிலிக்கும் எலக்ட்ரான் மின்னூட்டத்துக்கும் மதிப்பு நிலையாக வரையறுக்கப்பட்டுவிட்டதால் ஓம் அலகைக் குவாண்டம் ஹால் விளைவிலிருந்து நேரடியாகப் பெறலாம். அதற்கு இப்போது பல டெஸ்லா காந்தம் வேண்டும். காந்த டோப்பாலஜிக்கல் படலத்தில் அந்தப் பெரிய காந்தம் வேண்டாம். ஜெர்மனி, அமெரிக்கா இரு நாட்டுக் குழுக்களும் 2018ல் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுத் துல்லியத்தை எட்டின. ஆனால் மிகச் சிறிய மின்னோட்டத்தில்தான். மின்னோட்டத்தைக் கூட்டினால் விளைவு குலைகிறது.

இரண்டாவது, காந்த நினைவகம். மேற்பரப்பு மின்னோட்டத்தில் எல்லா ஸ்பின்னும் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதால், ஒட்டிய காந்த அடுக்கை அது திறம்படத் திருப்பித்தள்ளும். 2014ல் பிஸ்மத் செலினைடில் இது அறை வெப்பநிலையிலேயே அளக்கப்பட்டது. காந்தமில்லாத டோப்பாலஜிக்கல் காப்பானின் பயன்களில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது இதுதான்.

மின்சாரம் வீணாகாத கம்பி வரப்போகிறது என்ற பேச்சை ஒதுக்குங்கள். விளிம்புத் தடத்தில் ஆற்றல் இழப்பு இல்லையென்றாலும், இரு முனைகளுக்கிடையே அளந்தால் 25.8 கிலோ ஓம் இருக்கவே செய்யும்; இழப்பு முனைகளில் நிகழும்.

இவை இயற்கையில் கிடைக்குமா?

கிடைக்கும். கவாசுலைட் என்ற கனிமம் பிஸ்மத், டெல்லூரியம், செலினியம், கந்தகம் கலந்தது. செக் குடியரசின் பழைய தங்கச் சுரங்கப் பகுதி ஒன்றிலிருந்து எடுத்த துண்டின் மேற்பரப்பில் டிராக் கூம்பு இருப்பது 2013ல் தெரிந்தது. அறியப்பட்ட படிகச் சேர்மங்களைக் கணினியால் சலித்துப் பார்த்தபோது, கால் பங்கு அளவுக்கு ஏதோ ஒரு வகையில் டோப்பாலஜித் தன்மை உடையவை என்று 2019ல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின.

இயற்பியல் மாணவர் எங்கிருந்து தொடங்கலாம்?

முப்பரிமாணத்தில் தொடங்காதீர்கள். பாலிஅசெட்டிலீன் சங்கிலிக்கு 1979ல் சூ, ஷ்ரீஃபர், ஹீகர் எழுதிய ஒருபரிமாண மாதிரியை எடுங்கள். ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் சங்கிலி. இரண்டு எண்களே அதில் மாறிகள். இருபது அலகுகள் கொண்ட சங்கிலிக்கு நாற்பதுக்கு நாற்பது அணி எழுதி, பைத்தானில் அதன் ஐகன் மதிப்புகளைக் கண்டுபிடியுங்கள். முனையில் உள்ள பிணைப்பு வலுவாக இருக்கும்போது ஆற்றல் இடைவெளி காலியாக இருக்கும். அது நலிவாக இருக்கும்போது இடைவெளியின் நடுவில், சுழி ஆற்றலில், இரண்டு நிலைகள் தோன்றும். அவற்றின் ஐகன் திசையன்களை வரைந்தால் சங்கிலியின் இரு முனைகளிலும் குவிந்திருக்கும். பிறகு பிணைப்பு வலிமைகளில் சிறு சிறு தற்செயல் மாற்றங்களைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். அந்த இரண்டு நிலைகளும் நகராது. ஒவ்வொரு அணுவின் ஆற்றலையும் தற்செயலாக மாற்றினால் நகரும், ஏனெனில் அவற்றைக் காத்த சமச்சீர்மை அங்கே உடைகிறது. இது கைக்கு வந்த பிறகு, இதே முறையில் ஹால்டேன் மாதிரியை ஒரு நாடாவாக வெட்டி எடுத்து, விளிம்புத் தடம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்.